பாலத்துக்கு ஒரு டாக்டர் பெயர்



எங்க பெரியப்பா மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகும்போது கடலோரமாக ஒரு நீளமான பாலத்தைத் தாண்டித்தான் போவாராம். நான் சிவில் படிக்கிறேன் என்பதால் அந்தப் பாலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நீளம் சுமார் 1.8 கிலோமீட்டர். பெயர் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம். கட்டிய இன்ஜினீயர் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். அண்ணனைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் இன்ஜினீயரே இல்லை. பிரசவம் பார்த்த டாக்டர். பின்னாளில் சிங்கப்பூரின் ஜனாதிபதி. அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. அவர் முதலில் வாங்கியது டிகிரி இல்லை, டிப்ளமோ!

நம்மிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்கள், டிப்ளமோவா என்று இழுக்கும்போது நம் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இந்த வாழ்க்கையை நம் மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸ் 1907 ஆகஸ்டு 12-ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தார். ஐரோப்பிய, ஆசிய ரத்தம் கலந்த யூரேசியர் என்னும் சிறிய சமூகத்தைச் சேர்ந்தவர். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். (பார்த்தீர்களா, நம் சிவில்காரர்களுக்குச் சொந்தம்தான்!) அப்போது சிங்கப்பூர் பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது.

1923-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1929-இல் படிப்பை முடித்தார். அந்தக் கல்லூரி கொடுத்தது எல்.எம்.எஸ். என்ற டிப்ளமோ. அதுவும் நம் படிப்பும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது முழு டாக்டர் படிப்பு. 1916-லேயே பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஏட்டில் கொடுத்த மதிப்பு வேலையில் கிடைக்கவில்லை. உள்ளூர் டாக்டர்களுக்கு உதவி டாக்டர் என்ற கீழ்ப்படிதான். மேல் பதவியெல்லாம் ஐரோப்பியர்களுக்கு. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு படிக்கு மேலே கதவு சாத்தியிருக்கும்.

ஷியர்ஸ் 1931-இல் காண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பிரசவப் பகுதிக்கு வந்தார். மலாய் மொழியில் இந்தப் பெயருக்கு எருமைக் கொட்டகை என்று பொருள். நம் ஆட்கள் ஒரு காலத்தில் மாடு கட்டி வைத்திருந்த வட்டாரம் அது. பக்கத்தில்தான் தேக்கா. எங்க அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களைப் பார்க்கப் போகும் இடம். அந்த மருத்துவமனை 1924-இல் பிரசவ ஆஸ்பத்திரியாக மாறியபோது 30 படுக்கைகளே இருந்தன.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக ஷியர்ஸுக்கு உதவித்தொகை கிடைத்தது. அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. போக முடியவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆங்கிலேய டாக்டர்கள் சிறைக்குப் போனார்கள். அப்போது பிரசவத் துறையின் முழுப் பொறுப்பும் ஷியர்ஸ் தலையில் வந்தது. மருந்தும் சாப்பாடும் பற்றாக்குறை. ஆனால் போர் நடக்கிறது என்று குழந்தைகள் பிறக்காமல் இருக்குமா? உதவியாளராக மட்டுமே நிற்கலாம் என்று வைக்கப்பட்ட மனிதர் மூன்றரை வருஷம் அந்தத் துறையை நடத்திக் காட்டினார்.

போர் முடிந்ததும் தற்காலிகப் பேராசிரியர் ஆனார். 1947-இல், நாற்பதை நெருங்கும் வயதில், லண்டனுக்குப் போய் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார். 1948-இல் எம்.ஆர்.சி.ஓ.ஜி. தேர்வில் தேறினார். சிங்கப்பூரிலிருந்து அதில் தேறிய முதல் டாக்டர் அவர்தான். 1950-களில் மலாயா பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியராக இருந்தார். சாத்திய கதவு திறந்துவிட்டது.

இனி அவர் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எங்க வீட்டோடு சம்பந்தப்பட்டது. எங்க பாட்டி பெற்றது ஏழு, நின்றது நான்கு. எல்லாம் வீட்டுப் பிரசவம். எங்கம்மாவுக்கு நான் ஆபரேஷனில் பிறந்தேன். மூன்று வருஷம் கழித்துத் தம்பியும் ஆபரேஷன்தான். வயிற்றை ரெண்டு தடவை அறுத்தும் எங்கம்மா இன்றைக்கும் வயல் வேலைக்குப் போகிறார். இது எப்படி முடிகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பழைய முறையில் கர்ப்பப்பையின் மேல்பக்கம் நீளவாக்கில் வெட்டுவார்கள். அங்கே சதை கனம், ரத்தம் அதிகம் போகும். பிரசவத்துக்குப் பிறகும் அந்தப் பகுதி சுருங்கிச் சுருங்கி விரியும். அதனால் தையல் சரியாகச் சேராது. அடுத்த கர்ப்பத்தில் அதே தழும்பு பிளந்து தாயும் பிள்ளையும் போய்விடும் அபாயம் உண்டு. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டினால் அங்கே சதை மெல்லிசு. ரத்தச் சேதம் குறைவு, காயம் அமைதியாக ஆறும். கான்கிரீட் போடும்போது ஜாயின்ட்டைக் கண்ட இடத்தில் விடக்கூடாது, வெட்டு விசை குறைவான இடத்தில்தான் விட வேண்டும் என்று நமக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்களே, ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஷியர்ஸ் இல்லை. வெளிநாட்டில் ஏற்கெனவே இருந்தது. அதைச் சிங்கப்பூரில் கொண்டுவந்து பழக்கமாக்கியவர் அவர். தன் மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தாய்மார் சாவு குறைந்தது. புதிதாகக் கண்டுபிடிப்பது ஒரு பெருமை என்றால், நல்லது ஒன்றை ஏழைப் பெண் வரை கொண்டு சேர்ப்பதும் பெருமைதான் என்று எனக்குப் படுகிறது. அவரே உருவாக்கிய சிகிச்சையும் உண்டு. பெண்ணுறுப்பு சரியாக உருவாகாமல் பிறந்த பெண்களுக்கு அவர் வகுத்த அறுவை முறை இன்றும் மருத்துவ உலகில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1960-இல் பேராசிரியர் பதவியை விட்டுத் தனியாக மருத்துவம் பார்க்கப் போனார். அவர் வளர்த்த ஆஸ்பத்திரியில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அப்போது உலக சாதனை. 30 படுக்கையில் ஆரம்பித்த இடம்!

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. முதல் ஜனாதிபதி யூசுப் இஷாக் 1970 நவம்பரில் காலமானார். 1971 ஜனவரி 2-ஆம் தேதி ஷியர்ஸ் இரண்டாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அரசாங்கத்தை நடத்தியவர் பிரதமர் லீ குவான் இயூ. ஜனாதிபதி என்பது நாட்டின் முகம் மாதிரி. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பலர் வாழும் நாட்டில், எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தின் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராகவும் இருந்தார். டிப்ளமோக்காரர் பல்கலைக்கழக வேந்தர்!

பத்து வருஷத்துக்கு மேல் பதவியில் இருந்து, 1981 மே 12-ஆம் தேதி தன் 73-ஆம் வயதில் காலமானார். கிராஞ்சியில் அடக்கம் செய்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி அந்தப் பாலம் திறக்கப்பட்டது. அவர் பெயரையே வைத்தார்கள்.

நண்பர்களே, அவரைப் பார்த்து நாமும் ஜனாதிபதி ஆகிவிடலாம் என்று நான் எழுதவில்லை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். எனக்கு வேண்டியது ஒரு நல்ல வேலை, அம்மாவுக்கு ஓய்வு. ஆனால் ஒன்று மனசில் நிற்கிறது. டிப்ளமோவோடு படிப்பு முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. நாற்பதிலும் புத்தகத்தைத் திறந்தார். உதவியாளர் என்று மற்றவர்கள் போட்ட கோட்டை அவர் தன் கோடாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் கேட்டார். அவர் வேலைக்குப் போவது இன்னமும் அதே பாலத்தின் மேல்தான். இப்போது லாரியில் கூட வரும் ஆட்களுக்கு அது யார் பெயர் என்று அவர்தான் சொல்கிறாராம்.



மூன்றாமாண்டு மாணவி, சிவில் பிரிவு