வீரமாமுனிவரும் கன்னி மர்யமின் சரிதையும்

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் கடை வைத்து நடத்தும் நம் சகோதரர்களுக்குக் கிறிஸ்தவத் தமிழர்கள் அந்நியர்களல்லர். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் டிசம்பர் பிறந்ததும் சேலையும் சிறுவர் சட்டையும் வாங்க வருகிறவர்களில் அவர்களும் உண்டு. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்ட பின்னரும் இந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்து போகவில்லை. அப்படி வருகிறவர்கள் சில சமயம் பேச்சுவாக்கில், நீங்களும் எங்கள் மாதாவைக் கன்னி என்றுதான் நம்புகிறீர்களாமே என்று கேட்பதுண்டு.

நம்மவரில் சிலர், ஆம், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகின்றனர். வேறு சிலரோ, அதெல்லாம் உங்கள் கதை என்று வெடுக்கென்று சொல்லிவிடுகின்றனர். முதல் விடை நம் மார்க்கத்தைப் பற்றிய அறியாமை. இரண்டாவது விடை அதைவிட மோசமானது. திருமறையில் ஓர் அத்தியாயம் முழுவதற்கும் பெயர் தந்த ஒரு பெண்மணியை நாமே புறந்தள்ளுவதாகும். ஆகவே கிறிஸ்தவர்கள் இப்பிறப்புக்கு என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே பெருங்காப்பியமாகப் பாடி வைத்த ஒருவரின் வரலாற்றை இங்கே எழுத எண்ணினோம். அவர்தாம் வீரமாமுனிவர்.

இத்தாலி தேசத்திலே மாந்துவாவுக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்தன்தீன் ஜோசப் பெஸ்கி. பதினெட்டாம் வயதில் இயேசு சபையிற் சேர்ந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை நாட்டுக்கு வந்தார். காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணி செய்தார். 1714, 15-ஆம் ஆண்டளவில் பிடிபட்டு, மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். முதலில் தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக் கொண்டார்; வீரமாமுனிவர் என்பது பின்னால் நிலைத்த பெயர். சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பர். புலால் நீத்து, காவி உடுத்தித் தமிழ்நாட்டுத் துறவியர் போலவே வாழ்ந்தார்.

அவர் தமிழுக்குச் செய்தவற்றை எழுதினால் அது தனிக் கட்டுரையாகும். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதி, பின்வந்த அகராதிகளுக்கெல்லாம் வழிகாட்டி. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் அவருடையது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்ற ஐந்து சீடர்களோடு அல்லற்படும் பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரிக்காத தமிழ்ப் பள்ளிப் பிள்ளை உண்டோ? இன்னொன்றை வணிகர்களாகிய நாம் நாள்தோறும் கையாளுகிறோம். குறில் எகர ஒகரங்களின் மேல் புள்ளி வைத்து நெடிலினின்றும் பிரித்துக் காட்டுவது பழைய வழக்கம். ஓலையில் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிக்கிறவர் திண்டாடுவார். வீரமாமுனிவர் புள்ளியை நீக்கி, நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துக் காட்டினார். நம் கணக்கேட்டில் கெடா என்பதற்கு ஒரு கொம்பும் சேலை என்பதற்குச் சுழித்த கொம்பும் போடுகிறோமல்லவா? அது அவர் வகுத்த வழி.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். 1726-இல் அவர் பாடி முடித்த தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 விருத்தமும் கொண்டது. நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தை மூன்று காண்டமாக வகுத்ததும், அறபு நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் சோலையுமாகப் பாடியதும் அன்பர்கள் அறிந்ததே. உமறு மறைந்தது 1703-இல். ஏழெட்டு ஆண்டுகளில் இத்தாலியர் வந்து, அதே தமிழ்க் காப்பிய மரபில் நின்று யூதேயா நாட்டைப் பாடத் தொடங்கினார். தேம்பாவணி என்பதை வாடாத மாலை என்றும் தேன் போன்ற பாக்களாலாகிய அணி என்றும் பிரிக்கலாம். ஆகிருத நகரத்துக் கன்னித் துறவி மரியா எழுதிய நூலை அடியொற்றியே இக்காப்பியம் எழுந்தது.

காப்பியத் தலைவர் ஈஸா (அலை) அவர்களல்லர். மர்யம் (அலை) அவர்களுமல்லர். மர்யமை மணம் பேசிய சூசை என்னும் யோசேப்புதான் தலைவர். அவரை வளன் என்று முனிவர் அழைக்கிறார். நம் திருமறையில் இவரைப் பற்றிய பேச்சே இல்லை. ஆயினும் கதை செல்லும் வழியிலே நமக்குப் பழக்கமான ஓரிடம் குறுக்கிடுகிறது. ஆலயத்தில் வளர்ந்த கன்னிக்குத் துணைவர் யார் என்பதைத் தீர்மானிக்க ஆடவர் ஒவ்வொருவரும் ஒரு கோலைக் கொண்டு வருகின்றனர். வளனுடைய கோல் பூக்கிறது. ஆல இம்றான் அத்தியாயத்திலே, மர்யமை யார் பொறுப்பேற்பது என்று ஆலயத்தார் தம் எழுதுகோல்களை எறிந்து பார்த்த செய்தி வருகிறது. அங்கே பொறுப்பேற்றவர் ஸக்கரிய்யா நபி (அலை). ஆனால், தாயால் இறைவனுக்கென்று நேர்ந்து விடப்பட்ட பெண் குழந்தையை எவர் காப்பது என்ற கவலை இரு வரலாற்றுக்கும் பொதுவாயிருப்பதைக் கவனியுங்கள்.

திருமணத்துக்குப் பின் இருவரும் கன்னிமை காக்கும் விரதத்தோடு இல்லறம் நடத்துகின்றனர். இல்லறம், துறவறம் ஆகிய இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதால் அப்பகுதிக்கு ஈரறம் பொருத்து படலம் என்று பெயர் வைத்தார் முனிவர். (நிக்காஹ் நபி வழி என்று கொள்ளும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அவர் சமயத்தில் துறவுக்கு இருக்கும் மதிப்பை நினைத்தால் விளங்கும்.) அதன் பிறகு வருவதுதான் காப்பியத்தின் உயிர்நிலை. மனைவி கருவுற்றிருப்பதை வளன் காண்கிறார். கரு தம்முடையதன்று என்பது அவருக்குத் தெரியும். அவள் நெறி தவறாதவள் என்பதும் தெரியும். இரண்டு உண்மைகளும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து மோதுகின்றன. ஊரறியச் சொன்னால் அவள் உயிருக்கே ஆபத்து. சொல்லாமல் இருந்தால் தம் மனச்சாட்சி என்னாவது? ஐயம் தோற்று படலம் என ஒன்று, ஐயம் நீங்கு படலம் என மற்றொன்று, ஆக இரண்டு படலங்களை இந்த ஒரு மனிதரின் மனப் போராட்டத்துக்கே முனிவர் ஒதுக்கினார். மத்தேயுவின் சுவிசேஷம் இதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது: அவர் நீதிமானாகையால் அவளை அவமானப்படுத்த மனமின்றி, யாருக்கும் தெரியாமல் விலக்கிவிட நினைத்தார்; அதற்குள் வானவர் கனவில் தோன்றி, இது இறைவன் செயல் என்று அறிவித்தார். இதிலே பெண்ணின் மானம் எவ்வளவு பெரிய பொருள் என்பது தமிழருக்கு உடனே விளங்கும் என்று முனிவர் கணித்திருக்க வேண்டும்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் இப்பிறப்புக்குக் கொள்ளும் பொருள் என்ன? நம்மில் பலர் எண்ணுவதுபோல், இறைவன் ஒரு மனைவியைக் கொண்டு பிள்ளை பெற்றான் என்பது அவர்கள் கொள்கையன்று. அப்படிச் சொல்வதை அவர்களும் நிந்தனையென்றே தள்ளுவார்கள். மகன் என்று அவர்கள் சொல்வது உலகம் படைக்கப்படும் முன்பே இருந்த இறைவார்த்தையை. அது மனிதனாக வந்தது என்பது அவர்கள் விசுவாசம். தாய் ஒருத்தி வயிற்றில் பிறந்ததால் அவர் மெய்யான மனிதர். தந்தையின்றிப் பிறந்ததால் அவ்வருகை மனித முயற்சியாலன்று, இறைவனின் கொடையாலேயே என்பதற்கு அடையாளம். இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்கே கன்னிப் பிறப்பு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விசுவாச அறிக்கையில் கன்னி மரியாளின் பெயர் இடம்பெற்றது. 431-இல் எபேசு சங்கம் அவருக்கு இறைவனின் தாய் என்ற பட்டத்தை உறுதி செய்தது. நாம் பிரிந்து நிற்குமிடம் அதுவே.

தந்தையின்றிப் பிறந்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆதம் (அலை) அவர்களைத் தாயுமின்றித் தந்தையுமின்றி மண்ணிலிருந்து படைத்து, ஆகுக என்று கட்டளையிட்ட இறைவனுக்கு இது அரிதன்று என்பதே திருமறை தரும் விளக்கம். நமக்கு அப்பிறப்பு இறைவல்லமைக்கு ஓர் அத்தாட்சி. அவர்களுக்கோ இறைவனே மனிதனாய் வந்ததன் அடையாளம். நிகழ்ச்சி ஒன்று, பொருள் இரண்டு. திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண்மணி மர்யம்தாம். அவர் மீது பழி சுமத்தியவர்களை அது மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. மக்கத்துக் கொடுமைக்கு அஞ்சி அபிசீனியாவுக்குச் சென்ற ஸஹாபிகளை ஒப்படைக்கும்படி குறைஷிகள் கேட்டபோது, ஜஃபர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஓதிக் காட்டியது மர்யம் அத்தியாயத்தைத்தான். மன்னர் கண்ணீர் வடித்தார். அகதிகளை ஒப்படைக்க மறுத்துவிட்டார். அன்று நம் முன்னோர் உயிர் தப்பியது இந்தப் பெண்மணியின் வரலாற்றை ஓதியதால் என்றாலும் பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். அமலோற்பவம் என்று கத்தோலிக்கர் சொல்வது ஈஸாவின் பிறப்பைப் பற்றியதன்று. மரியாள் தம் தாயின் வயிற்றில் உற்பவித்தபோதே பாவக் கறையின்றி உற்பவித்தார் என்னும் கொள்கை அது. 1854-இல்தான் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ் அதைக் கட்டாயக் கொள்கையாக அறிவித்தார். அந்தத் தாயைத்தான் அவர்கள் அன்னம்மாள் என்கின்றனர். ஜூலை மாதம் கெடாத் தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகத் தமிழர்கள் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகிறார்களே, அந்தக் கோயில் இவர் பெயரால் ஆனது. (1800 வரை அந்நிலமும் கெடா சுல்தானுடையதே.) நம் தப்ஸீர்களில் இம்றானின் மனைவி ஹன்னா என்று வருகிறவரும் இவரே. கடைக்கு வரும் அம்மையார் அன்னம்மாள் திருநாளுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது இனி நமக்குத் தெரியும்.

வீரமாமுனிவர் தம் சமயத்தாரோடும் வாதாடியவர். தரங்கம்பாடியில் 1706 முதல் இருந்த லுத்தர் சபையார் கன்னிப் பிறப்பை ஒப்பினர்; ஆனால் மரியாளுக்குச் செய்யும் வணக்கத்தை ஒப்பவில்லை. அவர்களை மறுத்து முனிவர் வேத விளக்கம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். அவற்றிலுள்ள நடையின் சூடு நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தேம்பாவணியின் கனிவு அங்கே இல்லை. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா பேரால் கோயில் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகமும் பாடினார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்திலேயே வைத்து, பெரியநாயகி என்று பெயரிட்டார். உருவம் வைப்பது நமக்கு உடன்பாடன்று. எனினும் பிற தேசத்து வரலாற்றைத் தமிழ் மக்கள் தம் வீட்டு வரலாறாக ஏற்க வேண்டும் என்ற அவருடைய நோக்கம் அதில் விளங்குகிறது.

முஸ்லிம் ஆட்சியாளரோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1736-இல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபைக் காண்பதற்காக அவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்றும், நவாப் மகிழ்ந்து தந்தப் பல்லக்கும் திவான் பதவியும் தந்தார் என்றும் 1822-இல் அவர் சரித்திரத்தை எழுதிய முத்துசாமிப் பிள்ளை கூறுகிறார். திவான் பதவியைப் பிற்கால ஆய்வாளர் ஏற்பதில்லை. நமக்கும் அது புகழ்ச்சியாகவே தோன்றுகிறது. ஆனால் நவாப் அவருக்கு இட்டதாகச் சொல்லப்படும் பெயர் கவனிக்கத்தக்கது: இஸ்மத் சந்நியாசி. இஸ்மத் என்றால் தூய்மை, மாசின்மை. கன்னியின் தூய்மையைப் பாடிய துறவிக்கு ஒரு முஸ்லிம் நவாப் வைத்த பெயர் அது என்ற வழக்கு, உண்மையோ கற்பனையோ, மக்கள் நினைவில் நின்றுவிட்டது.

1741-இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறை கொண்டு போயினர். காவிரிக் கரை முழுவதும் போர்க்களமாயிற்று. முதுமையெய்திய முனிவர் மேலைக் கடற்கரை நாடு சென்று, அம்பழக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் காலமானார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. ஈராண்டு கழித்துச் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது, மெரீனாக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையிலே அவருக்கும் சிலை எழுப்பினர்.