இறக்கைக்கு இறப்பர் உறை போட்டவர்

கனடாவுக்குப் போன எங்கள் ஆட்கள் ரொறன்ரோ விமான நிலையத்தில் பார்த்திருப்பார்கள். குளிர்காலத்தில் விமானம் புறப்படும் முன், வாகனம் ஒன்று வந்து இறக்கைகளின் மேல் சூடான திரவத்தைப் பீய்ச்சும். அது தரையில் நிற்கும்போது படிந்த பனிக்கு. வானில் பறக்கும்போது படியும் பனிக்கட்டிக்கு வேறு வழி வேண்டும். அப்படியொரு வழியை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் கியர் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர். அவர் நம்பிய பொருள் ஊவா மக்களுக்குப் புதிதல்ல. மொனராகலைத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து எங்கள் சனங்கள் வெட்டிய இறப்பர்தான்.

கியர் 1876 இல் பிறந்தார். அதே ஆண்டில்தான் பிரேசில் விதையில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் இலண்டனிலிருந்து இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டன. கியர் குட்ரிச் இறப்பர் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் உயர்ந்தார். 1920களின் நடுவில் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்று இதாக்கா நகரில் குடியேறினார். சும்மா இருக்க முடியவில்லை. அக்காலத்தில் இரவிலும் மேகத்திலும் தபால் சுமந்து பறந்த விமானிகளுக்குப் பனிக்கட்டி எமனாக இருந்தது.

மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உடனே உறைவதில்லை. இறக்கையின் முன்விளிம்பில் மோதியதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பாரம் கூடுவது சிறிய பிரச்சினை. இறக்கையின் வடிவம் கெட்டு, விமானத்தைத் தூக்கும் விசை குறைவதே ஆபத்து. எங்கள் நமுனுகுல மலை 2,036 மீற்றர்தான். ஆனால் அதற்கும் மேலே, 5,000 மீற்றர் அளவில், பதுளை வானத்து மேகத்திலும் இதே குளிர் உண்டு.

கியர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் குளிர்க் காற்றுக் குகை ஒன்றில் சோதனை செய்தார். பனி ஒட்டாத பூச்சு எதையாவது கண்டுபிடிக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினார். எண்ணெய்கள் பல பூசிப் பார்த்தார், ஆமணக்கெண்ணெயும் அதில் ஒன்று. பூச்சு மட்டும் போதவில்லை. பிறகு யோசனையைத் திருப்பினார்: பனி படியட்டும், படிந்த பின் உடைப்போம். இறக்கையின் முன்விளிம்பில் இறப்பர் உறை ஒன்றை ஒட்டி, அதற்குள் குழாய்களை வைத்தார். காற்று ஏறி இறங்க உறை பொருமும், பனி வெடிக்கும், எதிர்க்காற்று சிதறலை அள்ளிப் போகும். 1930 இல் தபால் விமானத்தில் இது பறந்து பார்க்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே பயணிகள் விமானங்களுக்கும் வந்துவிட்டது. இன்றும் சிறிய விசிறி விமானங்களில் இதைக் காணலாம். பெரிய ஜெற்களில் இயந்திரத்தின் சூடான காற்றே இறக்கைக்குள் ஓடுகிறது.

1942 இல் மலாயாவும் ஜாவாவும் யப்பானியரிடம் விழுந்தபோது, நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் பெரிய இடமாக இலங்கை மிஞ்சியது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள். வெட்டியவர்களில் எங்கள் தோட்டத் தமிழர் ஏராளம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களையே நாடற்றவராக்கியது.

கியருக்கு 1951 இல் இறப்பர்த் துறையின் பெரிய விருதான சார்ள்ஸ் குட்இயர் பதக்கம் கிடைத்தது. 1964 இல் காலமானார். அந்த ஆண்டு ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று.