மாற்றுக் கருத்தும் மாறா நட்பும்

தில்லியில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகையை நீங்கள் நேரிலோ படத்திலோ கண்டிருப்பீர்கள். நம் நாடு குடியரசாவதற்கு முன்னர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை, அம்மாளிகையில் தமிழர் ஒருவர் தலைமை ஆளுநராக வீற்றிருந்தார். அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவர். மூதறிஞர் இராஜாஜி என நாடு போற்றும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அவர். அவர் வகித்த பதவிகளைப் பலரும் அறிவர். தம்மோடு மாறுபட்டவர்களிடம் அவர் எவ்வாறு பழகினார் என்பதை அறிந்தோர் சிலரே.

இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று, ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். சட்டம் பயின்று சேலத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராகத் திகழ்ந்தார். 1917இல் அந்நகராட்சியின் தலைவரானார். ஈரோட்டு நகராட்சியின் தலைவராக விளங்கிய ஈ.வெ. இராமசாமி அவருக்கு உற்ற நண்பரானார். பின்னாளில் பெரியார் எனப் பெயர் பெற்றவர் இவரே. இருவரும் காங்கிரசில் இணைந்து கதரைப் பரப்பினர். மதுவிலக்குக்கும் தீண்டாமை ஒழிப்புக்கும் பாடுபட்டனர்.

பின்னர் அவர்களின் வழிகள் பிரிந்தன. எல்லா வகுப்பினருக்கும் உரிய இடம் வேண்டும் என்ற தீர்மானம் 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் ஏற்கப்படாமையால், பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இராஜாஜி கடவுள் பற்று மிக்கவர். பெரியாரோ கடவுள் மறுப்பாளர். மேடைகளில் ஒருவர் கொள்கையை மற்றவர் கடுமையாகச் சாடினர்.

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். மறு ஆண்டில் அவருடைய அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. தமிழகம் கொந்தளித்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய பெரியார் சிறை சென்றார். நண்பரின் ஆட்சியே நண்பரைச் சிறையில் அடைத்தது! மக்களின் மொழிப்பற்றின் ஆழத்தை இராஜாஜி அன்று சரியாக அளந்தறியவில்லை என்றே கூற வேண்டும். அவ்வாணை 1940இல் திரும்பப் பெறப்பட்டது. அவரே முதுமையில், இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை வன்மையாக எதிர்த்தார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளல் தகும்.

சொந்தக் கட்சியினரின் சினத்திற்கும் அவர் ஆளானார். 1942இல், முஸ்லிம் லீகுடன் உடன்பாடு காண வேண்டும் என வலியுறுத்திக் காங்கிரசிலிருந்து விலகினார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்திலும் அவர் சேரவில்லை. துரோகி எனப் பலர் தூற்றினர். ஆயினும் காந்தியடிகளின் அன்பு அவரை விட்டு அகலவில்லை. 1944இல் இராஜாஜி வகுத்த திட்டத்தின் அடிப்படையிலேயே அடிகள் ஜின்னாவுடன் பேச்சு நடத்தினார்.

1949 மே மாதம் நிகழ்ந்த ஒரு சந்திப்பு வியப்புக்குரியது. அப்போது இராஜாஜி தலைமை ஆளுநர். அவர் திருவண்ணாமலைக்கு வந்தபோது, பெரியார் அங்குச் சென்று, தம் சொந்த வாழ்க்கை தொடர்பான ஒரு முடிவைப் பற்றி அவரிடம் கலந்து பேசினார். பெரியாரின் தொண்டர்கள் திகைத்தனர். தம் இயக்கத்தில் எத்தனையோ பேர் இருக்க, அரசியல் எதிரியிடமா கருத்துக் கேட்பது எனக் கலங்கினர். அங்குப் பேசியதை இராஜாஜி ஒருபோதும் அரசியல் ஆயுதமாக்கவில்லை.

அந்நம்பிக்கை அரசியல் மோதலைத் தடுத்துவிடவில்லை. 1952இல் மீண்டும் முதலமைச்சரான இராஜாஜி, மறு ஆண்டு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வகை செய்தார். இது குலக்கல்வி எனக் கூறிப் பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளும் பெருகவே, 1954இல் இராஜாஜி பதவி துறந்தார்.

ஆளுங்கட்சி ஒன்றே வலிமை பெற்றிருப்பது மக்களாட்சிக்கு ஏற்றதன்று என்பது இராஜாஜியின் துணிபு. ஆகவே, ஓய்வு கொள்ள வேண்டிய 80ஆம் வயதில், 1959இல், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். நெடுநாள் தோழரான நேருவின் பொருளாதாரக் கொள்கையை அயராது எதிர்த்தார். 1964இல் நேரு மறைந்தபோது, இளையவர் முந்திவிட்டாரே என உளம் நொந்து எழுதினார். 1967 தேர்தலில் அவர் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. அதே தேர்தலில் தமிழகத்தில் அவர் கைகோத்தது அண்ணாவுடன். 1938இல் இராஜாஜியின் மொழிக்கொள்கையை எதிர்த்துச் சிறை சென்றோருள் அண்ணாவும் ஒருவர்!

1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி சென்னையில் காலமானார். உடல்நலம் குன்றியிருந்த 93 வயதுப் பெரியார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இடுகாட்டிற்கு வந்தார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் எதிரெதிர் மேடைகளில் நின்ற தம் நண்பரின் சிதையருகே, குழந்தைபோல் கண்ணீர் சொரிந்தார். ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், 1973 டிசம்பர் 24 அன்று, பெரியாரும் மறைந்தார்.