இரு விளையாட்டு வீரர் எம்.ஜே. கோபாலன்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவன் கரையேற மாட்டான் என்பார்கள் பெரியோர். ஆனால் இரண்டு விளையாட்டுகளில் கால் வைத்து, இரண்டிலும் பாரத நாட்டுக்காக ஆடியவர் ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர்தான் எம்.ஜே. கோபாலன் அவர்கள்.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909-ம் ஆண்டு இவர் பிறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். வேகப் பந்து வீசும் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு வியந்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய உதவியால் கோபாலனுக்குப் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிழைப்புக்கு வழி பிறந்ததால் கவலையின்றி விளையாட முடிந்தது.

1934-ம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்ட் பந்தயத்தில் கோபாலன் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி முதன்முதலாகத் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசிய பெருமை கோபாலனையே சேரும். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஒரே நாளில் சென்னை வெற்றி பெற்றது!

கோபாலன் கையில் ஹாக்கி மட்டையும் சிறந்து விளங்கியது. 1935-ல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற இந்திய ஹாக்கி அணியில், மாவீரர் தியான் சந்துடன் இவரும் ஆடினார். அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் நம் அணியே வென்றது.

அடுத்த ஆண்டில்தான் சோதனை வந்தது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் இடம் கிடைத்தது. இரண்டும் ஒரே கோடைக்காலம்! கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார். விஜயநகரம் மகாராஜ் குமார் தலைமை தாங்கிய அந்த அணியில் பூசல்கள் மிகுந்திருந்தன. நடந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெர்லினிலோ, ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியை 8-1 என்று வென்று நம் ஹாக்கி வீரர்கள் தங்கப் பதக்கம் அணிந்தனர்.

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் சென்னை அணிக்காக ஆடினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். சென்னையும் இலங்கையும் மோதும் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டு, 1953-ல் அவரைச் சிறப்பித்தனர். இலங்கை பின்னாளில் டெஸ்ட் நாடாக உயர, அக்கோப்பையும் ஒரு படியாக அமைந்தது. 2003 டிசம்பரில், 94-ம் வயதில் அவர் சென்னையில் காலமானார்.

தோழிகளே! ஒலிம்பிக்கிலேயே கிரிக்கெட் இருந்திருந்தால்? 1900-ல் பாரிஸில் ஒரே ஒரு முறை இருந்தது. பிரிட்டன், பிரான்சு என இரண்டே அணிகள், ஒரே ஆட்டம். நாள்கணக்கில் நீளும் ஆட்டம் என்பதால் அதற்குப் பின் இடம் கிடைக்கவில்லை போலும். இன்று இருபது ஓவர் ஆட்டம் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் ஆடவரும் மகளிரும் தங்கம் வென்றனர். மகளிர் இறுதி ஆட்டத்தில் இலங்கையை 19 ஓட்டங்களில் வென்றனர். ஆடவர் அணியில் நம் மாநிலத்து வாஷிங்டன் சுந்தரும் சாய் கிஷோரும் இருந்தனர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கிரிக்கெட்டைச் சேர்க்க முடிவாகியுள்ளது.

கிரிக்கெட் நுழைந்தால் மற்ற விளையாட்டுகள் ஒளி மங்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பருத்தியும் சோளமும் எடுத்த காடுகளில் சிறுவர்கள் ஆடுவது கிரிக்கெட்தான். ஆனால் அதே அரியலூரிலிருந்துதான் செல்வம் கார்த்தி என்னும் ஹாக்கி வீரர் எழுந்தார். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். ஆகவே கிரிக்கெட் வரட்டும். ஆனால் மற்ற விளையாட்டுகளுக்குரிய திடலையும் பயிற்சியையும் அது பறித்துக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கும் அதில் சம இடம் வேண்டும்.

கிரிக்கெட்டையும் ஹாக்கியையும் ஒருசேர நேசித்தவர் கோபாலன். இனி வரும் வீரர், வீராங்கனையர் எந்த விளையாட்டை விரும்பினாலும், அதன் வழியே ஒலிம்பிக் திடலுக்குச் செல்லும் நிலை வர வேண்டும். அவர் பெயரைப் போற்ற அதைவிடச் சிறந்த வழி வேறில்லை.