கண் கண்டதும் கமரா கண்டதும்: பார்வையிழந்த ஒரு விஞ்ஞானியின் கதை

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைக் கமராவில் பதிவு செய்யும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். தன் கண்ணால் கண்டதை ஒரு தாய் சொல்கிறார். அதற்குப் படம் இருக்கிறதா, காணொளி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கமரா கண்டால்தான் அது நடந்ததாகுமா? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தபோதுதான் பெல்ஜியத்து விஞ்ஞானி ஜோசப் பிளாத்தோவை அறிந்தேன். அசையும் படத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அவர். வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளை இருளில் கழித்தவரும் அவரே.

1801ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி புருசெல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பூக்களை வரையும் ஓவியர். பதினான்கு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்திருந்த அவரை மாமனார் ஒருவர் வளர்த்தார். 1829இல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒளி மறைந்த பின்னும் அதன் தோற்றம் கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அவரது ஆய்வு. கொள்ளிக்கட்டையை இருட்டில் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிவதை நாம் எல்லோரும் சிறுவயதில் கண்டிருக்கிறோம். அப்படித் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர் அளந்தார்.

1832இல் ஒரு வட்டத் தட்டைச் செய்தார். அதில் சுழன்றாடும் ஒருவரின் 16 நிலைகள் வரையப்பட்டிருந்தன. விளிம்பில் சிறு பிளவுகள். தட்டைக் கண்ணாடி முன் பிடித்துச் சுழற்றி, பிளவுகளினூடாகப் பார்த்தால் அந்த உருவம் ஆடத் தொடங்கும். அதே காலத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்பர் என்பவரும் தனியாக இதே கருவியைக் கண்டுபிடித்திருந்தார்.

அந்தத் தட்டில் அசைவு எதுவும் இல்லை. இருந்தவை 16 அசையாப் படங்கள். அசைவு பார்த்தவருக்குள் நடந்தது. திரைப்படமும் அப்படித்தான். படக்கமரா ஒரு செக்கனுக்கு 24 தனிப்படங்களை எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 48இல் ஒரு பங்கு செக்கனே ஒளி விழுகிறது. ஆகவே நடந்ததில் பாதி நேரம் மூடிய கதவின் பின்னே போய்விடுகிறது. அந்த இடைவெளியை இட்டு நிரப்புவது எமது மூளை. கண்ணில் ஒளி தங்குவது மட்டும் இதற்குப் போதாது. அடுத்தடுத்த படங்களை மூளையே அசைவாக இணைக்கிறது என்பதை 1912இல் மாக்ஸ் வெர்தைமரின் ஆய்வு காட்டியது.

கண் தனிப்படங்களை எடுப்பதில்லை. விழித்திரையின் நடுவில் விழும் சிறு பகுதியே எமக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் விழி ஒரு செக்கனுக்குள் பலமுறை இடம் மாறுகிறது. கமரா தன் சட்டத்துக்குள் வந்த முகத்தையும் சுவரையும் வேறுபாடின்றிப் பதிகிறது. கண்ணோ தனக்கு வேண்டிய முகத்தையே தேடிப் போகிறது. கூட்டத்தில் தன் பிள்ளையைத் தேடும் தாய்க்குச் சுவரின் நிறம் நினைவில் இல்லாமல் போகலாம். அதனால் அவர் பிள்ளையைக் கண்டது பொய்யாகிவிடாது.

1829இல் ஆய்வுக்காக பிளாத்தோ 25 செக்கன்கள் சூரியனை நேராகப் பார்த்தார். பார்வை மங்கிச் சில நாட்களில் மீண்டது. 1843இல் அது முற்றாகவே போனது. சூரியனே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கண்ணின் உள்ளே ஏற்பட்ட நீடித்த அழற்சியாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்களின் கருத்து. மகன் பெலிக்ஸ் பிறந்தது 1841இல். அந்த முகத்தைத் தந்தை கண்டது குழந்தைப் பருவத்தில் மட்டுமே.

ஆனாலும் கெண்ட் நகரில் அவரது ஆய்வு நிற்கவில்லை. மகனும் மருமகனும் நண்பர்களும் கம்பிச் சட்டங்களைச் சவர்க்காரக் கரைசலில் தோய்த்தெடுத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். கண்டதை அவர்கள் சொன்னார்கள். மூன்று படலங்கள் ஒரு விளிம்பில் சந்தித்தால் 120 பாகைக் கோணத்திலேயே சந்திக்கும் என்பது போன்ற விதிகள் இப்படித்தான் பிறந்தன. 1873இல் அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. 1883 செப்டெம்பர் 15ஆம் திகதி அவர் காலமானார். அந்த விதிகளுக்குக் கணித நிறுவல் கிடைத்தது 1976இல்; தந்தவர் ஜீன் டெய்லர். மற்றவர்களின் கண்கள் கண்டு சொன்னது சரியாகவே இருந்தது.

படமில்லை என்பதற்காக ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று இந்த வாழ்க்கை எனக்குச் சொல்கிறது. அதைக் கவனமாகக் கேட்டுப் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. இப்போது நான் பதிவு செய்யப் போகும் இடங்களில் கமராவை இயக்கும் முன் கேட்கிறேன்: எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், பக்கத்தில் யார் இருந்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்தவரையும் தேடிப் போகிறேன்.