ஆத்திரத்தை ஆண்ட அண்ணல்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் நல்ல புத்தி உடையவர்களும் ஆத்திரம் மேலிடும் அந்த ஒரு கணத்தில் அதனை இழந்து நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். எண்ணுவதற்கு முன் கை ஓங்கிவிடுகிறது; ஆராய்வதற்கு முன் சுடுசொல் வெளிப்பட்டுவிடுகிறது. இதனைப் பிறவிக் குணம் என்று கூறி அமைதி கொள்வோர் பலர். பொறுமையின் வடிவம் என்று உலகம் போற்றும் காந்தியடிகளின் வரலாற்றை உற்று நோக்கினால் அக்கூற்று பொருந்தாது என்பது விளங்கும். அவர் சாந்தராகப் பிறக்கவில்லை, முயன்று சாந்தரானார். அம்முயற்சியில் சமண அறத்தின் துணை அவருக்குப் பெரிதும் இருந்தது.

குஜராத்தின் போர்பந்தரில் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வைணவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அன்னை புத்லிபாய் நோன்புகளில் உறுதி மிக்கவர். மழைக்காலத்தில் கதிரவனைக் கண்ட பின்னரே உண்பது என்ற நோன்பையும் அவர் மேற்கொண்டதுண்டு. சமணத் துறவியர் அவ்வில்லத்திற்கு வந்து தந்தையாருடன் அறம் பற்றி உரையாடுவர். எனினும் அத்தகைய இல்லத்தில் வளர்ந்த சிறுவனை ஆசையின் வேகம் விட்டுவைக்கவில்லை.

பதின்மூன்றாம் வயதில் மணம் முடிந்தது. இளம் மனைவி கஸ்தூரிபாயைக் காரணமின்றி ஐயுற்று, தம் அனுமதியின்றி வெளியே செல்லலாகாது என்று தடை விதித்தார். நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவில் புலால் உண்டார். புகைக்கும் ஆசையால் வேலைக்காரரின் சில்லறைக் காசைத் திருடினார். பதினைந்தாம் வயதில் தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறு துண்டைக் களவாடினார். பின்னர் நெஞ்சம் உறுத்தவே, குற்றத்தை எழுதி நோயுற்றிருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை வெகுளவில்லை. கண்ணீர் வடிய அதனைப் படித்து, கிழித்தெறிந்து, மீண்டும் சாய்ந்துகொண்டார். அடியால் விளைந்திராத மாற்றத்தை அந்த அமைதி விளைவித்தது.

ஆயினும் ஒரு நாளில் உள்ளம் முற்றும் திருந்திவிடுவதில்லை. 1885ஆம் ஆண்டு தந்தையார் மரணப் படுக்கையில் இருந்த இரவு, கால் பிடித்துவிடும் பணியைச் சிறிய தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியிருந்த அறைக்கு விரைந்தார். சில நிமிடங்களில் தந்தையின் உயிர் பிரிந்த செய்தி வந்தது. அந்த வடு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு வந்தபோது, மகன் நெறி தவறுவானோ என்று அன்னை அஞ்சினார். குடும்பத்தின் நலம் நாடிய பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி, மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதிமொழியை அவரை ஏற்கச் செய்தார். அன்னையின் அச்சம் தீர்ந்தது. இலண்டனில் நண்பர்கள் புலால் உண்ணுமாறு நாள்தோறும் வாதிட்டனர். அரை வயிற்றுடன் நாட்கள் கழிந்தபோதும் அவர் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. தீர்மானம் முன்னரே செய்யப்பட்டிருந்தது. விரதத்தின் உட்பொருள் இதுவே. பசியும் ஆசையும் கூச்சலிடும் வேளையில் அறிவின் குரல் எடுபடாது. ஆதலின் அறிவு தெளிந்திருக்கும் வேளையிலேயே அது தன் தீர்ப்பை எழுதி வைத்துவிட வேண்டும்.

1891ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், பம்பாயில் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். தம்மினும் இரண்டு ஆண்டுகளே மூத்தவரும், வைர வணிகரும், ஒரே நேரத்தில் நூறு செய்திகளை மனத்தில் நிறுத்தும் அவதானக் கலை வல்லவருமான அச்சமணச் செம்மல், வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அறநூலை ஏந்தி அமர்வதைக் கண்டு வியந்தார். இலாபமோ நட்டமோ அவரை நிலைகுலையச் செய்யவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது சமய ஐயங்களை வினாக்களாக எழுதியனுப்பி அவரிடம் விளக்கம் பெற்றார். 1901இல் முப்பத்து மூன்றாம் வயதில் ராஜசந்திரர் மறைந்தார். அவர் ஊட்டிய நெறி காந்தியடிகளிடம் நிலைத்தது.

ஆனால் அறிந்தது வேறு, அடங்கியது வேறு. 1898ஆம் ஆண்டளவில் டர்பன் நகரில், தம் இல்லத்தில் தங்கியிருந்த, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த எழுத்தர் ஒருவரின் மலச்சட்டியைத் தூய்மை செய்யும்படி கஸ்தூரிபாயைப் பணித்தார். அவர் கண்ணீருடன் அதனைச் செய்தார். மலர்ந்த முகத்துடன் செய்ய வேண்டும் என்று வெகுண்ட கணவர், மனைவியின் கையைப் பற்றி வாயில் வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டார். அயல்நாட்டில் தாம் எங்கே போவது, வெட்கமில்லையா என்று அவர் அழுது கேட்ட பின்னரே காந்தியடிகள் நாணித் தலைகுனிந்தார். கொள்கை உயர்ந்தது, அதன் பெயரால் எழுந்த வெகுளியோ இழிந்தது. நற்செயல் செய்கிறோம் என்னும் எண்ணமே சில வேளைகளில் ஆத்திரத்திற்குப் போர்வையாகிவிடுகிறது.

1910ஆம் ஆண்டு தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் இருந்தார். முரட்டு மாணவன் ஒருவன் எல்லை மீறியபோது, அருகிலிருந்த ரூல்தடியால் அவன் கையில் அடித்துவிட்டார். அடித்தபோது அவர் உடல் நடுங்கியது. அடி வலித்ததைவிட அந்த நடுக்கமே மாணவனை அழ வைத்தது. ஆயினும் அதனை வெற்றியென அவர் கொள்ளவில்லை. தம்முள் இருந்த விலங்கு வெளிப்பட்டதாகவே எண்ணி வருந்தினார். அதன் பின் மாணவரை அடிக்கும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை.

கோபத்தின் நான்கு படிகளை நம் ஆகமங்கள் நான்கு கோடுகளுக்கு ஒப்பிடுகின்றன: கல்லில் கீறிய கோடு, நிலத்தில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு. காந்தியடிகளின் வாழ்வு கல்லிலிருந்து நீரை நோக்கிய பயணமாகும்.

1921 செப்டம்பரில் மதுரையில் அவர் முழ ஆடைக்கு மாறியது உலகத்திற்குத் திடீர்ச் செயலாகத் தோன்றியது. உண்மையில் அதற்கு முன் இருமுறை அவ்வெண்ணம் எழுந்தும், நெஞ்சம் துணியும் வரை அவர் காத்திருந்தார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் வெறி கொண்ட கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீ வைத்தது. காவலர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பர்தோலியில் தொடங்கவிருந்த அறப்போரை அவர் நிறுத்தினார். தோழர்கள் பலர் வருந்தினர், சினந்தனர். அவரோ ஐந்து நாள் உண்ணாநோன்பிருந்து, அக்குற்றத்தில் தம் பங்கை ஏற்றார். பிற்காலத்தில் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். 1927 அக்டோபரில் கதர்ப் பணிக்காக, எங்கள் வ. புதுப்பட்டிக்குத் தெற்கே திருவில்லிபுத்தூரைக் கடந்து அமைந்துள்ள இராசபாளையத்திற்கு அவர் வந்தபோது, மக்கள் கண்டது இவ்வாறு பல ஆண்டுகள் பதம் செய்யப்பட்ட உள்ளத்தையே ஆகும்.

அவருடைய குற்றங்களை நாம் அறிவது பகைவர் வாயிலாக அன்று. 1925 முதல் 1929 வரை வாரந்தோறும் அவரே எழுதிய தன்வரலாற்றின் வாயிலாகவே அறிகிறோம். அது உலகறியச் செய்த பிரதிக்கிரமணம் அன்றோ? 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தபோதும், தாம் முழுமை அடைந்தவர் என்று ஒருபோதும் உரிமை கொண்டாடாதவராகவே மறைந்தார்.

நம் இல்லங்களில் பிள்ளைகள் பொருளை வீசியெறிகிறார்கள், எடுத்தெறிந்து பேசுகிறார்கள் என்று பெற்றோர் வருந்துகின்றனர். உந்துதலை அடக்கும் மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. ஆதலின் அவர்களை வசைபாடுவதால் பயனில்லை, பயிற்சியே தேவை. அப்பயிற்சி நம் சமயத்தில் முன்னரே உள்ளது. ஆத்திரம் எழுவதற்கு முன் சிறு விரதம். எழுந்த வேளையில் மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும் காக்கும் குப்தி. தவறிய பின் மறைக்காமல் செய்யும் பிரதிக்கிரமணம். இன்று ஒரு வேளை உரத்துப் பேசேன் என்னும் அளவில் தொடங்கலாம். அதனைப் பெரியவர்கள் முதலில் மேற்கொள்ள வேண்டும். தந்தையின் அமைதியைக் கண்டன்றோ அச்சிறுவன் திருந்தினான்!