ஆசிரியர் பெஸ்டலாசி

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் பெஸ்டலாசி என்னும் பெயரைக் கேட்டிராமல் இருக்க முடியாது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குச் சிறுகுறிப்பு வரையும் பெயர்களுள் அதுவும் ஒன்று. நானும் வரைந்தேன்; தேர்வு முடிந்ததும் மறந்தேன். தலைமையாசிரியனாகி, இளைய ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்கும் கடமை வந்த பிறகே அவர் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தேன். நன்றாகப் பாடம் சொல்பவர் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அவ்வெண்ணம் பிழை என்பதற்கு இவரினும் சிறந்த சான்றினை நான் அறியேன்.

ஜோகான் ஹைன்ரிக் பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். அறுவை மருத்துவரான தந்தை இவருடைய 5ஆம் வயதிலேயே காலமானார். அன்னையாரும், பாபெலி என்னும் பணிப்பெண்ணும் இவரை வளர்த்தனர். ஊரில் பாதிரியாராக இருந்த பாட்டனாருடன் ஏழைக் குடியானவர் வீடுகளுக்குச் சென்று வந்த சிறுவனுக்கு, அவ்வீட்டுக் குழந்தைகள் மெலிந்து வாடுவதன் காரணம் என்ன என்னும் கேள்வி அன்றே எழுந்தது. இளமையில் ரூசோவின் 'எமீல்' நூல் அவரை ஆட்கொண்டது. 1769இல் அன்னா ஷூல்தெஸ் என்னும் மங்கையை மணந்து, நொய்ஹோப் என்னும் பண்ணையில் வேளாண்மை செய்யலானார். வேளாண்மை தோற்றது.

பிறகு அப்பண்ணையிலேயே ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, நூல் நூற்கவும் நெய்யவும் பழக்கிக்கொண்டே கல்வியும் அளிக்கும் இல்லம் ஒன்றை 1774இல் தொடங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தனர். உழைப்பால் வரும் வருவாயே செலவை ஈடுகட்டும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கும் பிழைத்தது. புத்தாடை கிடைத்ததும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவதும் நடந்தது. 1780இல் இல்லம் மூடப்பட்டது; மனைவியின் பொருளும் கரைந்தது.

இக்காலத்தில் தம் ஒரே மகனுக்கு ரூசோவின் முறைப்படியே கல்வி புகட்டவும் முயன்றார். 1774இல் சில வாரங்கள் அதனை நாட்குறிப்பாகவும் எழுதினார். புத்தகத்தில் கண்டபடி குழந்தை நடக்கவில்லை. விடவேண்டிய இடத்தில் கட்டாயப்படுத்தியும், வழிகாட்ட வேண்டிய இடத்தில் விட்டும் தடுமாறினார். அச்சிறுவன் 11 வயதிலும் சரியாக எழுதப் படிக்க அறியாதிருந்தான். உலகுக்குக் கல்வி வழங்கியவர் வீட்டின் நிலை இது. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். ஆனால் குழந்தையை நோக்காது கொள்கையை மட்டும் நோக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் முதலில் கண்டது இங்கேதான்.

அடுத்து வந்த 18 ஆண்டுகள் எழுத்துப் பணியில் கழிந்தன. 1781இல் வெளிவந்த 'லீன்ஹார்டும் கெர்ட்ரூடும்' என்னும் கதை அவருக்குப் புகழ் தந்தது. வறுமையோ நீங்கவில்லை.

1798ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சூறையாடியது. அனாதைகளான குழந்தைகளைக் காக்க யாரேனும் வேண்டுமென்று அரசு தேடியபோது பெஸ்டலாசி முன்வந்தார். 1799 சனவரியில், ஒரு கன்னிமாடத்தின் முடிக்கப்படாத அறைகளில் இல்லம் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 53. உடனிருந்தவர் வீட்டு வேலை செய்யும் பெண்மணி ஒருவரே. குழந்தைகளோ விரைவில் 80 பேர் ஆயினர்; சொறியும் சிரங்கும் பிடித்தவர், பிச்சை எடுத்துப் பழகியவர், எவரையும் நம்பாதவர். ஊராரோ கத்தோலிக்கர், இவர் வேறு சமயப் பிரிவினர், போதாததற்குப் படையை ஏவிய அரசின் ஆள். அவ்வூரில் எவர் இவரை விரும்புவர்?

புத்தகம் இல்லை, கருவிகள் இல்லை, உதவியாசிரியர் இல்லை. இருந்தவை குழந்தைகள் மட்டுமே. எனவே அவர்களைக் கொண்டே பாடம் நடத்தினார். ஒன்றை அறிந்த குழந்தையை அறியாத இருவர்க்கு நடுவில் அமர்த்தினார். அக்குழந்தை இருவர் தோளிலும் கைபோட்டுக்கொண்டு தான் அறிந்ததைச் சொல்லித் தந்தது. இரவும் பகலும் அவர்களுடனேயே உண்டு உறங்கினார். கோபம் வந்து அறைந்ததும் உண்டு. அதனை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். சூன் மாதத்தில் அக்கட்டிடம் படை மருத்துவமனையாக மாற்றப்பட்டதால் பணி நின்றது. ஆறு மாதங்கூட நிறைவுறவில்லை. எனினும் நூல்கள் தராத ஒன்றை அந்தக் குழந்தைகள் அவருக்குத் தந்துவிட்டனர். குழந்தை எந்தப் படியில் கால் இடறுகிறது என்று கண்டு, அப்படிக்கும் கீழே ஒரு படி அமைத்துத் தருவதே ஆசிரியர் வேலை என்று அவர் தெளிந்தார்.

அவ்வாண்டிலேயே பர்க்டார்ப் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கு அவருக்குக் கிடைத்தது செருப்புத் தைக்கும் ஒருவர் தம் வீட்டில் நடத்திய ஏழைகள் பள்ளியில் ஒரு மூலை. புகழ்பெற்ற எழுத்தாளருக்கு இதுதான் பணியிடம். கையெழுத்து மோசம், எழுத்துப்பிழை மிகுதி. ஆசிரியர் ஆகவே தகுதியற்றவர் என்று ஊரில் பேசினர். புதிய முறையைச் சோதிக்க வேண்டுமாயின் பணக்காரர்கள் தம் பிள்ளைகள்மேல் சோதித்துக் கொள்ளட்டும், எங்கள் பிள்ளைகள்மேல் வேண்டா என்று பெற்றோர் மறுத்து அவரை வெளியேற்றினர். நூலாசிரியர்கள் இதனை அறியாமை என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தம் பிள்ளைக்கு வாய்த்தது ஒரே ஒரு வாய்ப்பு என்று அறிந்த பெற்றோரின் நியாயமான அச்சம் அது. ஏழைத் தெருவில் பணிசெய்யும் ஆசிரியர் அவ்வச்சத்தை மதித்தே தம் முறைகளை மாற்ற வேண்டும்.

பின்னர்ச் சிறு குழந்தைகள் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கு அவர் கற்பித்த விதத்தை அவர் மாணவர் ஒருவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். சுவரில் கிழிந்த பழைய தாள் ஒட்டியிருந்தது. அதன் முன் குழந்தைகளை நிறுத்தி, கண்டதைச் சொல்லச் சொல்வார். தாளில் ஒரு துளை காண்கிறோம் என்பர். நீண்ட துளை காண்கிறோம் என்பர். துளைக்குப் பின்னே சுவர் தெரிகிறது என்பர். இவ்வாறு எண், வடிவம், நிறம், சொல் யாவும் அக்கிழிசலிலிருந்தே பிறந்தன. இதே ஆசிரியர் இடைவேளை விடாமல் தொண்டை கட்டும்வரை கத்துவார், ஒவ்வொருவர் வேலையையும் திருத்தமாட்டார் என்பதையும் அம்மாணவர் மறைக்கவில்லை. குறைகளோடு கூடிய மனிதராகவே அவர் முன்னேறினார்.

சாளரத்தின் படத்தைக் காட்டி அவர் பாடம் நடத்தியபோது, உண்மையான சாளரமே இங்கிருக்கப் படம் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். பெஸ்டலாசி சற்று எண்ணிப் பார்த்தார். சிறுவன் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டு படங்களை ஒதுக்கினார். மாணவன் முன் தன் முறையை மாற்றிக்கொள்ளும் துணிவு எத்தனை ஆசிரியர்க்கு உண்டு? நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி கழித்தல் கணக்கில் நாள்தோறும் தவறினாள். மந்தபுத்தி என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் சந்தையில் அவள் தாயின் அருகில் அமர்ந்து கீரைக்கட்டு விற்று, மீதிச் சில்லறையைக் கணமும் தயங்காமல் எண்ணிக் கொடுப்பதைக் கண்டேன். கரும்பலகையை அழித்துவிட்டுக் கீரைக்கட்டிலிருந்து தொடங்க எனக்கு ஓராண்டு பிடித்தது.

1800இன் தொடக்கத்தில் ஹெர்மன் குருசி என்னும் இளைஞர், போரால் வறுமையுற்ற குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவ்வூர் வந்து சேர்ந்தார். நூல்பொதி சுமந்து பிழைத்துக் கொண்டிருந்து, 18ஆம் வயதில் ஆசிரியரானவர் அவர். இருவரும் இணைந்து, அவ்வூர்க் கோட்டையில் பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் தொடங்கினர். 1801இல் 'கெர்ட்ரூட் தன் குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறாள்' என்னும் நூல் வெளிவந்தது. எண், வடிவம், சொல் என்னும் மூன்றே அனைத்துக் கல்விக்கும் அடிப்படை என்று அதில் நிறுவினார்.

1805 முதல் 1825 வரை இவெர்டன் கோட்டைப் பள்ளியே அவர் உலகம். ஐரோப்பாவின் பல நாட்டினரும் அங்கே வந்தனர். பிரஷ்ய அரசு தன் இளம் ஆசிரியர்களை அனுப்பிப் பயிற்றுவித்தது. குழந்தைத் தோட்டம் கண்ட புரோபெல் 1808 முதல் 1810 வரை அங்கிருந்து கற்றார். ஆசிரியர்கள் அடிக்கடி கூடி, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பேசினர். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்தியபோது, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு சட்டாம்பிள்ளை முறையை வகுத்த ஆண்ட்ரூ பெல் 1816இல் அங்கு சென்றார். மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பதை இருவருமே கண்டறிந்திருந்தும் அவர்கள் ஒன்றுபடவில்லை. பெல் நாடியது குறைந்த செலவில் பலருக்கு ஒழுங்காகப் பாடம் ஏற்றுவது. பெஸ்டலாசி நாடியது ஒரு குழந்தையின் மனம் திறப்பது.

ஆயினும் இவெர்டனில் ஒரு வீழ்ச்சியும் நேர்ந்தது. கட்டணம் செலுத்த வல்லவர் பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் பயின்றனர். ஏழைகளுக்கென 1818இல் அருகில் தொடங்கிய பள்ளியும் சிறிது காலத்தில் பெரிய பள்ளியோடு கலந்து மறைந்தது. குழந்தையைக் கண்டு பிறந்த பயிற்சிகள் அட்டவணைகளாக இறுகின. கண்டு சொல்வதற்கு மாறாக, கண்டதாக ஒப்பிக்கும் வழக்கம் புகுந்தது. 1809இல் பார்வையிட வந்த குழு, கணிதத்தில் சிறப்பும் பிறவற்றில் குறையும் கண்டு கூறியது. 1815இல் மனைவி மறைந்தபின் உதவியாசிரியரிடையே மூண்ட பூசல் ஓயவில்லை. 1825இல் பள்ளி மூடப்பட்டது.

79 வயது முதியவர் நொய்ஹோப்புக்கே திரும்பினார். 1827ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் புருக் நகரில் உயிர் துறந்தார். பிர் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடத்தை ஒட்டியே அவரை அடக்கம் செய்தனர். 1846இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, அவ்விடத்தில் புதிய பள்ளிக் கட்டிடம் எழுப்பி, அதன் சுவரிலேயே அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தனர்.